பதினோராம் தொட்டி

அந்த அம்மாள் கேள்வியை என்னிடம் கேட்பார். பதிலுக்குச் செடியைப் பார்ப்பார்.

"தினம் தண்ணி ஊத்துறீங்களா?" என்பார். "ஊத்துறேன் மேடம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண் தொட்டிக்குப் போயிருக்கும். ஒரு நாள் விட்டிருந்தாலும் போதும், "நேத்து ஊத்தல" என்று மெதுவாகச் சொல்வார். குரலில் கோபமே இருக்காது. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தெருவுக்கே தெரியும். அவரிடம் மட்டும் அந்த வாய் எடுபடவில்லை.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. ஏதோ காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர், குடவாசல் பக்கத்துக்காரர் என்று பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் அவருக்கு இலைக்காரம்மா என்று பெயராகிவிட்டது. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, எப்போதும் வெளிறிய நிறத்தில் ஒரு காட்டன் புடவை. வீட்டு வாசலுக்கு வந்தால் கூப்பிடும் வழக்கமே கிடையாது. நான் மிஷினில் குனிந்து பிளவுஸ் தைத்துக்கொண்டிருப்பேன். முதுகில் என்னவோ ஊர்வது மாதிரி இருக்கும். திரும்பினால் அவர் நின்றுகொண்டிருப்பார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

யார் வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். மோர் கொடுத்தாலும் வேண்டாம். தோள்பையில் சொந்தப் பாட்டில் இருக்கும். முதலில் சாதி பார்க்கிறார் என்று நினைத்து எரிச்சல்பட்டேன். பிறகு எதிர்வீட்டு சரோஜாக்கா வீட்டிலும் அப்படியே, தெருவில் எந்தச் சாதி வீட்டிலும் அப்படியே என்று தெரிந்தபோது எரிச்சல் போய்ப் பயம் வந்தது. எங்கள் தெருத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று இவர் குடிக்காமல் இருக்கிறார்?

எங்கள் தெரு நீடாமங்கலத்துக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது. பதினாலு வீடு. தெற்கே வயல், வயலுக்கு அந்தப் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் காய்ச்சும் ஒரு கம்பெனி. சுற்றிலும் தகரம் அடித்திருக்கும், பெயர்ப்பலகை கிடையாது. லாரியில் செத்த பேட்டரிகள் வரும், ஈயக்கட்டிகளாகத் திரும்பிப் போகும். உலை மூட்டினால் நாக்கில் ஒரு ருசி தட்டும். இனிப்பு என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கம்பெனிச் சுவரோரம் மேய்ந்த இரண்டு ஆடுகள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடந்து, கண் தெரியாமல் வாய்க்காலில் விழுந்து செத்தன. சம்பா நடவு சமயம் அது. நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் வரப்பில் நின்று பார்த்தார்களே தவிர, ஒருத்தரும் பக்கத்தில் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் இலைக்காரம்மா மினி வேனில் பதினாலு துளசித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் ஒரே மண். வீட்டுக்கு ஒன்று. புகை எந்த வீடுவரை வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதைச் செடி வாங்கி வைத்துக்கொள்ளும், பதினைந்து நாளைக்கு ஒருமுறை இலையை வெட்டிக்கொண்டுபோய் மிஷினில் கொடுத்தால் அது சொல்லிவிடும் என்றார்.

"வேதக்காரங்க வீட்டுக்குத் துளசி எதுக்கு மேடம்?" என்று நான் கிண்டலாகக் கேட்டேன். நாங்கள் லுத்தரன் சபை.

"கும்பிட வேண்டாம். வளர்த்தா போதும்."

"செத்துப்போச்சுன்னா எங்களைக் கேக்கக்கூடாது."

"இது சாகாது" என்றார். "எவ்வளவு வந்தாலும் உள்ள வாங்கி வச்சுக்கும். வெளிய காட்டாது."

அன்றைக்கே ஒரு படிவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வீட்டில் எத்தனை பேர், குழந்தைக்கு என்ன வயது, குடிக்க எந்தத் தண்ணீர். கடைசியாக, "வீட்டுல யாராவது அந்தக் கம்பெனிக்கு வேலைக்குப் போறாங்களா?" என்றார்.

"இல்ல மேடம். எங்க வீட்டுக்காரரு மன்னார்குடி ரோட்டுல அரிசி மில்லுல இருக்காரு."

வாய் கூசாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பேட்டரி உடைப்பதில் ஆரம்பித்து உலைக்கு முன்னேறியிருந்தார். வெளியாட்களிடம் யார் வீட்டிலிருந்து பேச்சுப் போனாலும் அவர் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவைத்திருந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து போனது அவர் ஒருவர்தான். அடுத்தவன் பிழைப்பில் மண் போட யாருக்கும் மனசில்லை. தெருவே வாயை மூடிக்கொண்டது. அந்த அம்மாள் "அரிசி மில்" என்று எழுதிக்கொண்டார். அன்றைக்குப் பார்க்க அவருக்கு இன்னும் செடி வளர்ந்திருக்கவில்லை.

அவர் இலை வெட்டுவதை எஸ்தர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பாள். எஸ்தர் என் மகள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இலைக்காரம்மா கையில் ரப்பர் உறை மாட்டுவார். பிளாஸ்டிக் கத்தரிக்கோல்தான், இரும்பு படக்கூடாதாம். ஒவ்வொரு செடியிலும் வெட்டியதை இரண்டு காகிதக் கவரில் பிரித்துப் போடுவார். ஒரு கவர் இலையைக் கழுவிவிட்டு அரைப்பார்களாம், இன்னொன்றைக் கழுவாமலே. "கழுவுனா போயிடுச்சுன்னா மேலேருந்து விழுந்தது. கழுவியும் போகலைன்னா மண்ணுலேருந்து ஏறினது" என்று எஸ்தரிடம்தான் சொன்னார், பெரிய மனுஷியிடம் சொல்வது மாதிரி.

கவரின் மேல் பென்சிலால் வீட்டு எண் எழுதுவார். நாங்கள் பதினொன்று. போகப் போக எங்கள் யாருக்கும் பெயர் இல்லாமல் போய்விட்டது. ஒருநாள் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "பதினொண்ணுல ஒரு பொண்ணு இருக்கு. அஞ்சு வயசு. கொஞ்சம் பாக்கணும்."

இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தவர், சரோஜாக்கா வீட்டு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தொட்டி முழுக்க மஞ்சள் பூசி, நாலு பக்கமும் குங்குமம் வைத்து, செடிக்கும் தெளித்து, கீழே கோலம் போட்டிருந்தது. அடுத்த வீட்டிலும் அப்படித்தான். பதிமூன்று வீட்டிலும் அப்படித்தான்.

"யாரு இதுக்குப் பூசை பண்ணச் சொன்னா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க" என்றார் சரோஜாக்கா. "துளசியைக் கையில குடுத்துட்டுப் பூசை பண்ணாதன்னா எப்படிங்க? வெள்ளிக்கிழமையும் அதுவுமா மொட்டையா வச்சிருக்கச் சொல்றீங்களா?"

இலைக்காரம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் பார்க்கும்படியாக இல்லை. கடைக் குங்குமத்தில் செந்தூரம் கலக்கிறார்கள், அதிலும் ஈயம்தான் இருக்கிறது, இனி எது குங்குமம் எது புகை என்று பிரிக்க முடியாது என்றார். ஆடு கடிக்காது, யாரும் பிடுங்க மாட்டார்கள், வீட்டுக்கு வீடு தவறாமல் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று யோசித்துத் துளசியைத் தேர்ந்தெடுத்திருந்தார். கும்பிடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. பதினாலில் சுத்தமாக இருந்தது எங்கள் வீட்டுத் தொட்டி ஒன்றுதான்.

மறுவாரம் வேறு பதிமூன்று செடிகள் வந்தன. அவற்றை வாசலில் வைக்காமல் கொல்லையில் வைத்தார். ஒவ்வொரு தொட்டியின் கழுத்திலும் ஒரு முழ வெள்ளைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. வெள்ளை கட்டிய துளசிக்கு எந்தப் பெண்பிள்ளை பொட்டு வைப்பாள்? சரோஜாக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இலைக்காரம்மா எங்கள் தொட்டியையும் எல்லாருடையதைப் போலக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "உங்களுக்குத் துணி வேண்டாம்" என்றார். அது ஏனோ எனக்கு நிம்மதி தரவில்லை.

அந்த மாதமே ஆறாம் எண் வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். எண்பதைத் தாண்டிய மனிதர், பத்து வருஷமாக இழுப்பு. ஆனால் தெரு வேறு மாதிரி பேசிற்று. "துளசிக்கே வெள்ளை கட்டுனா வீடு உருப்படுமா? அந்தம்மா ஆறாம் நம்பர் கவரை மடிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் சரோஜாக்கா. அந்த அம்மாளின் ஸ்கூட்டி சத்தம் கேட்டால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நான் அவர்களைக் கேலி செய்தேன். "வேதக்காரிக்குப் பயமில்ல" என்று பெருமை வேறு. உண்மையில் நானும் அவர் வந்துபோன பிறகு கொல்லைக் கதவை இரண்டு முறை பூட்டிப் பார்ப்பேன்.

என் பயத்துக்கு வேறு காரணம் இருந்தது. எஸ்தருக்கு உடம்பு சரியில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள். நாலு நாளைக்கு வெளிக்குப் போகமாட்டாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். பூச்சி மருந்து கொடுத்தேன், டானிக் வாங்கினேன், பாஸ்டர் ஐயா வந்து தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது வேறு. நாலு வயதிலேயே தன் பெயரை எழுதிய பெண் அவள். ஒவ்வொரு எழுத்தாக மறந்துகொண்டு வந்தாள். கேட்டால் கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று டீச்சர் சொன்னார். நானும் இரண்டு அடி வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் கை எனக்குப் பிடிக்காமல் போகிறது.

ஒருநாள் இலைக்காரம்மா தன் பென்சிலை எஸ்தரிடம் கொடுத்து, "உன் பேரை எழுது பாக்கலாம்" என்றார். எஸ்தர் 'எ'வைத் திருப்பிப் போட்டாள். அடுத்த எழுத்துக்கு வெகுநேரம் யோசித்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அந்த அம்மாள் காகிதத்தை மடித்து, ஒரு கவரில் போட்டு, மேலே பதினொன்று என்று எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது எதுக்கு மேடம்?" என்றேன்.

"பாப்பா நல்லாச் சாப்பிடுதா?"

"சாப்பிடுதே" என்றேன். தாயின் வீம்பு அது. அடுத்தவர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அவர் திரும்பிச் செடியைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் செடிதான் தெருவிலேயே செழிப்பு. இடுப்பளவு வளர்ந்து, கிளைவிட்டு, உள்ளங்கை பட்டாலே மணக்கும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட. அவர் மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் துக்க வீட்டில் நிற்பவரைப் போல நிற்பார்.

ஆறாம் மாதம் ஒரு மத்தியானம் வந்தார். கத்தரிக்கோல் இல்லை, கவர் இல்லை. கையில் ஒரே ஒரு தாள். நேராகக் கொல்லைக்குப் போனார்.

"மூணாம் நம்பர் வீடு கம்பெனிக்கு எவ்வளவு கிட்ட இருக்கு?" என்றார்.

"வயலை ஒட்டித்தான் மேடம்."

"அங்க வந்திருக்கிறதைப்போல உங்க செடியில நாலு பங்கு ஈயம் வந்திருக்கு. கழுவுனா முக்கால்வாசி போயிடுது. மண்ணுலேருந்து ஏறல. மேலேருந்து விழுந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "புகைன்னா பக்கத்து வீட்டுலயும் விழுந்திருக்கணும். பத்துலயும் இல்ல, பன்னெண்டுலயும் இல்ல. உங்க கொல்லையில மட்டும் விழுந்திருக்கு."

அவர் தலையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். தொட்டிக்கு நேர் மேலே துணிக்கொடி. அதில் என் வீட்டுக்காரரின் மாற்றுக் காக்கிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுச் சுத்தத்தில் நான் ரொம்பக் கறார். கம்பெனி உடுப்போடு வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவரை விடமாட்டேன். கொல்லை வழியாகத்தான் வரவேண்டும். அங்கேயே சட்டையையும் கால்சட்டையையும் கழற்றவைத்து, பலம்கொண்ட மட்டும் உதறுவேன். சாம்பல் நிறத்தில் தூசி பறக்கும். உதறி முடித்துக் கொடியில் போட்டு, மறுநாள் காலையில் அப்படியே மாட்டிவிடுவேன், வாரம் ஒருமுறைதான் துவைப்பது. தினம் சாயங்காலம், நாலு வருஷம். தொட்டி அங்கே வந்த பிறகு எஸ்தர் அதன் பக்கத்திலேயே சொப்பு வைத்து விளையாடுவாள். துளசி இலையைக் கிள்ளிக் கொட்டாங்கச்சியில் போட்டு, கீழே கிடக்கும் மண்ணை அள்ளிப் பிசைந்து, குழம்பு என்பாள். ருசி பார்த்துவிட்டு எனக்கும் நீட்டுவாள்.

"துணியை எங்க உதறுவீங்க?" என்றார்.

இந்தத் தடவை அவர் செடியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மில்லில் இல்லை, கம்பெனியில், நாலு வருஷமாக, உலையில் என்று சொன்னேன்.

அன்று அவர் போகவில்லை. என் வீட்டுக்காரர் வரும்வரை உட்கார்ந்திருந்தார். அவரைக் கொல்லைப்படியிலேயே நிறுத்தி, "கீழ் உதட்டைக் கொஞ்சம் மடக்கிக் காட்டுங்க" என்றார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நீலக்கறுப்பாக ஒரு கோடு ஓடியது. "ஈயம் உடம்புல ஏறினா இப்படித்தான் கோடு விழும்" என்றார். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பல்லை ஒழுங்காக விளக்கத் தெரியாதா என்று சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

"நாளைக்கே பாப்பாவைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. ரத்தத்துல பாக்கணும்" என்றார்.

நான் அழுதேன். "அன்னிக்கே உண்மையைச் சொல்லித் தொலைச்சிருந்தா இப்படி ஆயிருக்காதே மேடம். என்னைத் திட்டுங்க. நாலு அறை வேணும்னாலும் அறைங்க."

அவர் கையிலிருந்த தாளை நாலாக மடித்தார். பிறகு, "எனக்கு மூணாம் மாசமே தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கொடியில அந்தச் சட்டையைப் பாத்தேன். பொட்டுப் பொட்டா ஓட்டை. பேட்டரி ஆசிட் பட்டாத்தான் அப்படி விழும். மில்லு வேலைக்குப் போறவங்க சட்டையில விழாது."

"அப்ப ஏன் மேடம் கேக்கல?"

"கேட்டா இல்லைம்பீங்க. மறுநாள்லேருந்து சட்டையை ஒளிச்சு வச்சிடுவீங்க. இலையில பதிஞ்சு ரிசல்ட்டு கையில வந்துட்டா யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது." தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க அண்ணன் பேட்டரிப் பட்டறையில வேலை பாத்தான். உடம்புக்கு என்னடான்னு இருபது தடவை கேட்டிருப்பேன். இருபது தடவையும் ஒண்ணுமில்லைன்னான். அதுலேருந்து நான் யார் வாய்ப்பேச்சையும் எடுத்துக்கிறதில்ல. இலை சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

"மூணு மாசம் மேடம். எம் பொண்ணு அங்கதான் விளையாடிக்கிட்டு இருந்தா."

"ஆமா" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். சீட்டு எடுத்தார், டாக்டரிடம் அவரே பேசினார். ரத்தம் எடுக்கும்போது எஸ்தர் அலறிய அலறலில் கண்ணை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றார். சாயங்காலம் வேனை வரவழைத்து எங்கள் தொட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். மற்ற பதிமூன்றையும் எடுத்துப்போக வேறு யாரோ வந்தார்கள். இலைக்காரம்மா அப்புறம் வரவேயில்லை. சரோஜாக்கா தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்.

என் வீட்டுக்காரர் அந்த வேலையை விட்டார். கொல்லை மண்ணை ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி அப்புறப்படுத்தினோம். கம்பெனி நாலு மாதம் மூடிக் கிடந்தது, பிறகு பெயிண்ட் அடித்துக்கொண்டு திறந்தது. எஸ்தருக்கு மாத்திரை கொடுத்தார்கள், வயிற்றுவலி நின்றது, சாப்பிட ஆரம்பித்தாள். ரத்தத்தில் இருப்பது குறைந்துவிடும் என்றார் டாக்டர். மூளைக்குப் போனது திரும்பி வருமா என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார். நான் பிளவுஸ் தைக்கும்போது அந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன். சில நாள் அவரைக் கும்பிடத் தோன்றும், சில நாள் அவர் எதிரே வந்தால் முடியைப் பிடித்து உலுக்கத் தோன்றும். அந்த ஆறு மாதத்தில் எனக்கு மூன்று, அவருக்கு மூன்று என்று பங்கு போட்டுப் பார்ப்பேன். எஸ்தரைப் பெற்றவள் நான்தான் என்பது நினைவுக்கு வந்ததும் பங்கெல்லாம் கலைந்துபோகும்.

எஸ்தருக்கு இப்போது பதினாலு வயது. நல்ல உயரம், சபையில் பாட்டெல்லாம் பாடுவாள். வாய்ப்பாடு மட்டும் நிற்பதில்லை. படித்த பாடம் மறுநாள் இருப்பதில்லை. போன வாரம் பரீட்சைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா எனக்கு மட்டும் எதுவுமே மண்டையில நிக்க மாட்டேங்குது? சின்ன வயசுல எனக்கு ஏதாவது ஆச்சாம்மா?"

"உனக்கு ஒண்ணும் ஆகல. நீ நல்லாத்தான் இருக்க" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள்.